செவலைப் பெட்டைக்காக

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. செவலைப் பெட்டைக்கோழியைக் காலில் நாய் கவ்வியதைச் சொன்னாய். நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் லைன் போய்விட்டது. பேச்சில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அதைத் தனியாகப் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வைத்தாயே, அது ரொம்பச் சரி. ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தாமல் விடாது. கொதித்து ஆறின தண்ணீரில் உப்புப் போட்டுக் காயத்தைக் கழுவு. சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து விடு, பிடுங்காதே, தோலோடு வந்துவிடும். உன் கையில் கீறல் ஏதும் இருந்தால் உறை போட்டுக்கொண்டு செய், நாய் எச்சில் பட்ட இடம். அப்புறம் அயோடின் மருந்து. அது காய்ந்ததும் வேப்பெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து ஓரமாகத் தடவினால் ஈ மொய்க்காது. ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

நாய்ப்பல் பட்ட இடம் வெளியே பொட்டு மாதிரிதான் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். வீங்கினாலோ நாற்றம் வந்தாலோ காத்திருக்காதே, கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. போக முடியாவிட்டால் கால்நடை உதவி எண் 1962க்குப் போன் போட்டுக் கேள். வீட்டில் இருக்கிற மனுஷ மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதே. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, உள்ளே போனால் அதோடு சரி. அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விடு, அதுவே விழுங்கிக்கொள்ளும்.

நீ பத்தாவது படித்தபோது நம் வீட்டுக் கோழிகள் போனது ஞாபகம் இருக்கிறதா? 23 உருப்படி. பனிக்குச் செத்தது என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். பனி இல்லை, கண்ணு. சந்தையில் வாங்கின சேவலை அன்றைக்குச் சாயங்காலமே மற்றதோடு சேர்த்து அடைத்தேன். ஒரு வாரம் ஆகவில்லை, ஒன்று மூலையில் குறுகி நின்றது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து திறந்து மூச்சு, கடைசியில் கழுத்து முறுக்கிக்கொண்டது. மிளகு, சீரகம், பூண்டு, கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருண்டை பிடித்து ஊட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. நாலுதான் மிச்சம். நீ வளர்த்த புள்ளிக்கோழியும் அதில் போயிற்று. உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட் என்பார்கள். வந்தபின் அதற்கு மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு தடுப்பு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கையடியில் அரை மில்லி ஊசி. அரசாங்கமே கோடைக்கு முன்னால் முகாம் வைத்து இலவசமாகப் போடுகிறது, தேதியை மருந்தகத்தில் கேட்டு வை. மருந்து ஐஸிலேயே இருக்க வேண்டும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நன்றாக இருக்கிற கோழிக்குத்தான் போடுவது. சீக்கு கண்டபின் ஓடிப்போய்ப் போடுவதில் பயனில்லை. புதிதாக எது வந்தாலும் மூன்று வாரம் தனிக்கூடு. இதில் மட்டும் இரக்கம் பார்க்காதே.

குஞ்சுகளுக்குக் கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மாதிரி வருகிறது என்றாயே, கேட்டவரையில் அது அம்மை. கொசு கடித்துப் பரவும். பொருக்கைப் பிய்க்காதே. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடு. பெரும்பாலும் மூன்று நாலு வாரத்தில் உதிர்ந்துவிடும். பார்க்க வேண்டியது கண்ணை. கண் மூடிக்கொண்டால் தீனி தெரியாது, பக்கத்திலேயே தவிடு இருந்தும் பட்டினியில் செத்துப்போகும். அப்படிப்பட்டதைக் கையில் எடுத்து நீதான் ஊட்ட வேண்டும்.

குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் அது வேறு. தரை ஈரத்தால் வருவது. அன்றைக்கே டாக்டரிடம் சொல், தண்ணீரில் கலக்க மருந்து தருவார். பழைய உமியை வாரிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் போடு. கோழி மேல் ஒட்டுகிற செள்ளுப் பூச்சி இருக்கிறதா என்று ராத்திரி டார்ச் அடித்துப் பார். சில செள்ளு பகலில் பலகை இடுக்கில் ஒளிந்துகொண்டு இருட்டியதும்தான் ரத்தம் குடிக்க வரும். புரள்வதற்குச் சாம்பலும் மணலும் ஒரு மூலையில் கொட்டி வை.

பாப்பா குஞ்சை முகத்தோடு வைத்துக் கொஞ்சுகிறாளாம், மாப்பிள்ளை சொன்னார். கொஞ்சட்டும், கையில் வைத்து. முகத்தில் வேண்டாம். கூட்டை விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வை. டாக்டர் மருந்து ஏதாவது கொடுத்தால் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள். வேலியில் நாய் நுழைந்த ஓட்டையை இன்றைக்கே அடைக்கச் சொல், ஒரு தரம் ருசி கண்டது திரும்ப வரும்.

நாளைக் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் எச்சம் என்ன நிறம் என்று பார். கழுத்தடியில் இருக்கிற தீனிப்பையைத் தொட்டுப் பார், முந்தின நாள் தின்றது இறங்கிக் காலியாக இருக்க வேண்டும். அப்புறம் கடிபட்ட காலை ஊன்றுகிறதா என்று பார்த்து ஆறு மணிக்கே எனக்குப் போன் செய். நான் எழுந்துதான் இருப்பேன்.

உன் அம்மா