மதிப்பீட்டைத் திட்டமிடும்போதே அங்கன்வாடிப் பணியாளரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக 2022 மே மாதம் உதகையில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டம், 2024 நவம்பரில் எங்கள் அரியலூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் பலனை அளந்து பார்ப்பது மிக அவசியம். ஆனால், படிவங்களை அச்சடித்து முடித்த பிறகு ஒருநாள் பயிற்சிக்கு மட்டும் அங்கன்வாடிப் பணியாளர்களை அழைக்காமல், கேள்விகளை வகுக்கும் முதல் கூட்டத்திலேயே அவர்களையும் உட்கார வைக்க வேண்டும்.

நான் மேற்பார்வையாளராக இருந்தபோது, மதிப்பீட்டுக்கு வந்த ஒரு குழுவினர் ஒன்றரை வயதுக் குழந்தையைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளந்தார்கள். குழந்தை வீறிட்டு அழுது காலை மடக்கிக்கொண்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை அளவுப் பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்தி அளப்பதே முறை. நிற்கவைத்து அளக்க நேர்ந்தால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பக்கத்தில் நின்ற பணியாளருக்கு இது நன்றாகத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை. வந்தவர்களிடம் எடுத்துச் சொல்லும் துணிவும் அவருக்கு வரவில்லை. எல்லைக்கோட்டில் இருக்கும் குழந்தை, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குள்ளத்தன்மைப் பட்டியலில் ஏறிவிட அந்த 0.7 செ.மீ. குறைவே போதும்.

கேள்விகளும் அப்படித்தான். "சத்துமாவு வாங்கினீர்களா?" என்றால் எல்லாத் தாய்மார்களும் ஆமாம் என்பார்கள். அந்தப் பொட்டலம் எத்தனை நாளில் தீர்ந்தது, வீட்டில் வேறு யார் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும் என்பது வீடுவீடாகப் போய்வரும் பணியாளருக்குத்தான் தோன்றும். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எந்த மாதம் ஊரில் இருக்கமாட்டார்கள் என்பதையும் அவரே அறிவார். அந்த மாதத்தில் கணக்கெடுத்தால், எந்தக் குழந்தைகளுக்காகத் திட்டம் வந்ததோ அவர்களில் பலர் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

குழந்தையின் எடை குறைந்தால் தனக்கு மெமோ வரும் என்ற அச்சம் பணியாளருக்கு இருக்கும்வரை பதிவேட்டில் உண்மை எடை ஏறாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். எனவே, மதிப்பீட்டில் கிடைக்கும் விவரங்களைப் பணியாளர் மீதான நடவடிக்கைக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று தொடக்கத்திலேயே எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும். முடிவுகளை அறிக்கையோடு நிறுத்திவிடாமல், அந்தந்த மையத்துக்கும் திருப்பி அனுப்பி, தாய்மார் கூட்டத்தில் வாசிக்கச் செய்யுமாறு சமூக நலத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர்,
அரியலூர் மாவட்டம்.