டரெட் வாங்கறதுக்கு முன்னாடி சித்த கேளு அம்மிணி

கண்ணு, நீ வேட்டைத் துப்பாக்கிக்குன்னு அனுப்பிச்ச ரெண்டு ஸ்கோப் போட்டோவும் பெருசு பண்ணி பாத்தேன். மேலயும் சைடுலயும் ரெண்டு டரெட்டும் (குண்டு விழுகற எடத்தை நகத்தற திருகு) மூடியில்லாம இருக்கறதுதான் மாப்பிள்ளைக்கு புடிச்சிருக்குதாட்ட, பாக்க ஜோராத்தான் இருக்குது, ஆனா மொன்டானா மலையில பையும் ஜாக்கெட்டுமா ஏறி எறங்கறப்ப ஒரசி ஒரசி அது தானா திரும்பிக்கும், நீ ஜீரோவுல, அதாவது குறி வெச்ச எடத்துலயே குண்டு விழுகற நெலையில, இருக்குதுன்னு நெனச்சு சுட்டுப்போடுவ. மேல இருக்கற எலிவேஷன் (குண்டை மேல கீழ நகத்தறது) மட்டும் வெளிய இருந்தா போதும், அதுவும் லாக் ஆகோணும், ஜீரோவுக்குக் கீழ போகாம தடுக்கற ஜீரோ ஸ்டாப் இருக்கோணும், இருட்டுல கூட கீழ திருப்பி முட்டுனா ஜீரோன்னு தெரிஞ்சுக்கலாம். சைடுல இருக்கற விண்டேஜுக்கு (காத்துக்குத் தக்கன எடவலமா நகத்தறது) மூடி போட்டதே எடு. நீ திருகி முடிக்கறதுக்குள்ள காத்து மாறிப்போயிரும், அதை ஸ்கோப்புக்குள்ள தெரியற குறிக்கோட்டுல, ரெட்டிகிள்ல, தள்ளிப் புடிச்சே சுட்டுக்கலாம்.

நீ எப்பவாச்சும்தான் தூரமா சுடப்போற. உன்ற 308 துப்பாக்கிய 200 கெஜத்துக்கு ஜீரோ பண்ணிட்டா 250 வரைக்கும் டரெட்டைத் தொடவே வேண்டாம். 400ன்னா குண்டு சுமார் ரெண்டடி எறங்கும், அங்கதான் அதுக்கு வேலை. எம்ஓஏங்கறது கோண அளவு, ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு. கால் எம்ஓஏ டரெட்டுன்னா ஒரு கிளிக்குக்கு 100 கெஜத்துல சுமார் கால் இஞ்சு, 400ல ஒரு இஞ்சு, ஆக 24 கிளிக் பக்கமா வரும். மில்லுங்கற இன்னொரு கோண அளவுன்னா 0.1 ஒரு கிளிக், 100 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். எதுவோ ஒன்னு எடு, ஆனா ரெட்டிகிள் மில்லு டரெட் எம்ஓஏன்னு கலந்து மட்டும் வாங்கிப்போடாத, குளுருல வெரல் மரத்துப்போயி படுத்திருக்கறப்ப மில்லை எம்ஓஏவா மாத்த 3.44ல பெருக்கிட்டு இருப்பியா? அப்பறம் கெஜத்தையே நேரா எழுதின டயல் செஞ்சு தர்றாங்களாமே, அது ஒரு தோட்டாவுக்கு, ஒரு வேகத்துக்கு, கடல் மட்டத்துல இருந்து ஒரு ஒசரத்துக்குத்தான், தோட்டாவை மாத்துனா டயல் பொய் சொல்லும். இப்பத்திக்கு வேண்டாம்.

எழுதின நம்பரை அப்படியே நம்பிராத சாமி. நம்ம கணபதி பட்டறை லேத்துல க்ராஸ் ஸ்லைடு டயல் 10 காட்டும், டூல் 8தான் போயிருக்கும், ஸ்க்ரூவுல இருக்கற தளர்வு, பேக்லாஷ், நீயே பாத்திருக்க. டரெட்டுக்குள்ளயும் ஸ்க்ரூதான். நீட்டு அட்டை ஒன்னை 100 கெஜத்துல நிறுத்தி, தூக்குக்குண்டு நூல் புடிச்சு நேரா கோடு போட்டு, கீழ ஒரு புள்ளி வெச்சு மூணு சுடு. 20 எம்ஓஏ மேல திருகிட்டு அதே புள்ளியப் பாத்து இன்னும் மூணு. 100 கெஜத்துல ஒரு எம்ஓஏ சரியா 1.047 இஞ்சு, அதனால 21 இஞ்சு ஏறியிருக்கோணும், கோட்டு மேலயே ஏறியிருக்கோணும், சாஞ்சிருந்தா ஸ்கோப்பை கோணலா மாட்டியிருக்கீங்க. திரும்ப ஜீரோவுக்கு வந்து மூணு சுட்டா மொத மூணு விழுந்த எடத்துலயே போயி விழுகோணும், இதுதான் எனக்கு முக்கியம், தோட்டா செலவுன்னு பாக்காத.

இங்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்பறம் வேட்டைப் பேச்சே கெடையாது, உங்கம்மா உனக்கு எதுக்கு இந்த வேலைங்கறா, நான் காதுல வாங்கல. அட்டைய ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்து அனுப்பு, கடைக்காரன் திருப்பி எடுத்துக்கற தேதி முடியறதுக்குள்ள சுட்டுப் பாத்துரு.

அப்பா