மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையை எடைபோடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தங்கை மகளுக்கு எல்லைநிலை ஆளுமைக் கோளாறு, அதாவது உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் கொந்தளிக்கும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக டாக்டர் சொன்னார். அப்புறம் அறிவுத்திறன் சோதனையும் வைத்தார்கள். சொல்லும் எண்களைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். முந்தின ராத்திரி முழுக்க அழுது, தூங்காமல் போன பிள்ளை அதில் தடுமாறிவிட்டாள். போதாததற்கு விளக்கம் எல்லாம் மலையாளத்தில். அவள் படித்ததோ தமிழ்வழியில். மதிப்பெண்ணைக் கேட்ட சொந்தக்காரர்கள் “மண்டையில ஒண்ணும் இல்லை” என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஆளுமைக் கோளாறு வேறு, அறிவுக் குறைவு வேறு. மனக்கொந்தளிப்பு கவனத்தையும் நினைவில் நிறுத்தும் திறனையும் அந்த நேரத்துக்குக் குலைத்துவிடும். தூக்கமின்மையும் மனச்சோர்வும் சில மருந்துகளும்கூட அப்படித்தான். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, ஆளுமைக் கோளாறை முதன்மையாக அதன் தீவிரத்தை வைத்தே வகைப்படுத்துகிறது. அறிவுத்திறன் மதிப்பெண்ணை வைத்து அல்ல.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து எங்கள் சித்தூர் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இங்குள்ள மருத்துவமனைகளில் தமிழில் சோதிக்கத் தெரிந்த உளவியலாளர் வேண்டும். அன்றைய தூக்கம், மருந்து, மனநிலை மூன்றையும் அறிக்கையில் கட்டாயம் எழுதச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்