ஹார்லெமில் கைபிடித்து நிறுத்திய அம்மாவுக்கு

நியூயார்க் ஹார்லெமில், கறுப்பின வரலாற்றுக்கான ஆய்வு நூலகமான ஷாம்பர்க் மையத்தில், கறுப்பின எழுத்தாளர்களுக்கான இலக்கிய விழாவன்று அரங்குக்குள் ஓடிக்கொண்டிருந்த என்னைக் கைபிடித்து நிறுத்தினீர்கள். முன்கூடத் தரையில் பதித்த வட்டச் சித்திரத்தைக் காட்டி, கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி அதன் கீழேதான் இருக்கிறது என்றீர்கள். உடல் சிலிர்த்துவிட்டது. பதின்வயதில் அவர் எழுதி 1921இல் அச்சேறிய நதிக் கவிதையை அங்கேயே நின்று மனப்பாடமாகச் சொன்னீர்கள். யூப்ரடீஸ், காங்கோ, நைல், மிசிசிப்பி. ஒவ்வொரு பெயரிலும் உங்கள் குரல் தாழ்ந்து நின்றது. அடிமைச் சந்தைகளைக் கண்ட ஒரு மக்களின் நினைவு அந்தக் குரலில் இருந்தது. மேடையிலும் நல்ல கவிதைகள் கேட்டேன். எதுவும் இதற்கு ஈடில்லை. பெயர் கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டீர்கள். நன்றி அம்மா. அந்தக் கவிதையை இப்போது நானும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.