ஆண்டறிக்கை 2024–25: பார்வையற்றோர் சங்கப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தளித்தது

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதே அறிக்கை பிரெயிலிலும் குரல் பதிவாகவும் போய்ச் சேரும்.

ஆண்டில் பன்னிரண்டு மாதக் கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், ஏழு நடந்தன. மற்ற ஐந்துக்கும் கூட்டம் நடத்தத் தேவையான ஆள் (கோரம்) சேரவில்லை. அக்டோபர் 15 வெள்ளைக்கோல் நாளும் ஜனவரி 4 லூயி பிரெயில் பிறந்தநாளும் வழக்கம்போல் கொண்டாடப்பட்டன. பேருந்துப் பயண அட்டை புதுப்பிக்க உறுப்பினர்களுக்கு உதவினோம். பெர்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப் பொறிகள் இரண்டும் நல்ல நிலையில் உள்ளன.

ஆப்டகான் பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "செல்போனே படித்துச் சொல்லுதே, அந்தப் பழைய பெட்டிக்கு எதுக்குச் சங்கப் பணம்?" என்று போன பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. கேட்டவர் இன்று வரவில்லை. இருந்தாலும் பதில் பதிவாகட்டும்.

புதியவர்களுக்காக: ஆப்டகான், அச்செழுத்தின் வடிவத்தை அப்படியே விரல் நுனிக்குக் கொண்டுவரும் கருவி. வலது கை ஒரு சிறு கேமராவை வரிமேல் நகர்த்தும். இடது ஆள்காட்டி விரல் பெட்டியின் பள்ளத்தில் இருக்கும். அதன் அடியில் 24 வரிசை, 6 பத்தியாக 144 ஊசிகள். காகிதத்தில் எங்கே கறுப்போ அங்கே ஊசி அதிரும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் லின்வில், பார்வையற்ற தன் மகள் அச்சுப் புத்தகம் படிக்க வேண்டும் என்று தொடங்கிய வேலை இது. 1971இல் விற்பனைக்கு வந்தது. பின்னால் வந்த இரண்டாம் மாதிரியில் 100 ஊசிகள்தான். 1996இல் உற்பத்தி நின்றது, 2005இல் தயாரித்த நிறுவனமே மூடப்பட்டது. அதற்குப் பிறகு எங்கே ஓர் ஆப்டகான் ஓடினாலும், வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடுவதால்தான் ஓடுகிறது. நம்மிடம் 144 ஊசிக் கருவி இரண்டு உண்டு, ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது பாகத்துக்கு. 100 ஊசிக் கருவி ஒன்று.

செல்போன் சொல்வது அது புரிந்துகொண்டதை. பாஸ்புக்கில் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறி அச்சாகியிருந்தால், அது ஏதோ ஓர் எண்ணைத் துணிந்து சொல்லிவிடும். ஏறியிருக்கிறது என்பது விரலுக்குத்தான் தெரியும். தவிர, இந்தக் கருவிக்கு மொழி கிடையாது. கீழக்கரை காக்கா (அண்ணன்) ஒருவர் அரபு எழுத்தை வலமிருந்து இடமாக நகர்த்தி இதிலேயே பார்க்கிறார்.

வேகம் குறைவு என்பது உண்மை, மறைக்கவில்லை. தமிழில் இன்னும் குறைவு. பிரெயிலில் மெய்க்கு முன்னால் 4ஆம் புள்ளி தனிக் கட்டமாக வரும். அச்சில் புள்ளி எழுத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். 'க'வுக்கும் 'க்'குக்கும் வித்தியாசம் மேலே இரண்டு மூன்று ஊசிகள்தான். கறுப்பின் அளவை வைக்கும் திருகைக் குறைத்தால் புள்ளி போய்விடும், கூட்டினால் காகிதத்து அழுக்கெல்லாம் புள்ளியாகிவிடும். ரகரத்தையும் துணைக்காலையும் பிரிப்பது அடியில் உள்ள ஒரு சின்னச் சாய்வுக் கோடு. அகலமும் ஒரு தொல்லை: 'ணை' 6 பத்திக்குள் அடங்காது, தவணை தவணையாக ஓடும். எழுத்தின் உடல் ஏறக்குறைய 14 வரிசை உயரத்தில் நிற்கும்படி ஜூமைக் குறைத்து வையுங்கள். மேலே புள்ளிக்கும் கீழே 'கு', 'சு' வாலுக்கும் இடம் கிடைக்கும்.

இனி பழுது. நம் கரையில் வடக்கிலிருந்து வாடை அடித்தாலும் மேற்கிலிருந்து கச்சான் அடித்தாலும் வருவது உப்புக் காற்றுதான். ஒரு கருவி பாம்பனில் ஓர் உறுப்பினர் வீட்டில் ஓலைப்பெட்டியில் துணி சுற்றி மழைக்காலம் முழுக்க இருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஓலைப்பெட்டி கருவாட்டுக்குச் சரி, மின்கருவிக்கு ஆகாது. திரும்பி வந்தபோது கேமரா இணைப்பின் கால்களில் களிம்பு ஏறியிருந்தது, மேல்பாதி வரிசைகள் அதிரவில்லை.

சோதிக்கும் முறை இது. கேமராவைக் கறுப்பு அட்டைமேல் வைத்தால் எல்லா ஊசியும் அதிர வேண்டும். ஓர் ஊசி மட்டும் செத்திருந்தால் அங்கே அழுக்கு அடைத்திருக்கும், இல்லையேல் அதன் அடியில் உள்ள பீங்கான் நாக்கு உடைந்திருக்கும். அழுக்குக்கு உலர்ந்த மென்மையான பல்துலக்கி போதும். அழுத்தக் கூடாது, நாக்கு முறிந்தால் மாற்று கிடையாது. வரிசையாகச் செத்திருந்தால் இணைப்பையோ கேபிளையோ சந்தேகப்படுங்கள். ஒரே மாதிரிக் கருவி இரண்டும் இருந்தால் கேமராக்களை மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறு கேமராவோடு போனால் கேமராவில்தான் பழுது. 100 ஊசியின் கேமராவை 144இல் மாட்டிப் பரிசோதிக்க வேண்டாம். கேபிள் பெரும்பாலும் கேமராவுக்குள் நுழையும் இடத்தில், மடிந்து மடிந்து, உள்ளுக்குள் அறும். அந்த இடத்தில் இரண்டு விரற்கடை வெட்டிவிட்டு மறுபடி பற்றவைப்பதே வழி. வெட்டும் முன் கம்பிகளின் வரிசையை பிரெயிலில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த முறை குறிக்காமல் வெட்டியதால் ஒரு நாள் வீணானது.

பேட்டரி நிக்கல் காட்மியம். பழைய செல் கசிந்தால் வருவது காரம், தொட்டால் தூளாக உதிரும். கையுறை போட்டு, வினிகரில் தோய்த்த பஞ்சால் துடைத்து, பிறகு வாலை வடிநீர், கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். புதிய செல், பற்றவைக்க உலோகப் பட்டை வைத்ததாக வாங்க வேண்டும். செல்மேல் நேரே ஈயம் பற்றவைத்தால் சூட்டில் உள் அடைப்பு கெடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போட்டால் என்ன என்கிறார்கள். விடாமல் மெதுவாக ஏற்றும் பழைய சார்ஜரை அது தாங்காது.

கேமரா பல்புக்குப் பதில் வெள்ளை எல்இடி போட்டுப் பார்த்தோம். பழைய பல்பில் அகச்சிவப்பு அதிகம், உள்ளே உள்ள சிலிக்கான் உணரிக்கும் அதுதான் பிடிக்கும். எல்இடியில் அது கிடையாது. படம் மங்கியது, திருகை ஏறக்குறைய கடைசிவரை திருப்ப வேண்டியிருந்தது. பழைய பல்பையே தேடிப் பிடித்தோம்.

இப்போது மூன்றும் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாக்களில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. ஈரம் ஏறினால் அதன் நிறம் மாறுவது நமக்குப் பயன்படாது. ஆகவே 100 கிராம் பையைப் பேசும் தராசில் வைக்கிறோம். 120 காட்டினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் திருப்பி வைக்க வேண்டும்.

சனிக்கிழமைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆறு பேர். முதல் வாரம் நால்வர், மூன்றாம் வாரம் ஒருவர், பிறகு நானும் கருவியும். பிரெயில் மட்டும் தெரிந்தவர்களுக்கு அச்செழுத்தின் வடிவம் தெரியாது. முதலில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைத் தடவிப் பழக வேண்டும். தயாராக உள்ள 31 உயிர், மெய், ஆய்த எழுத்துகளும் அலமாரியில் தூங்குகின்றன. கருவிகளை வைக்க ஓர் அறை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போனது. பரிசீலனையில் இருப்பதாக மூன்று பதில் வந்தது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. தொகைகள் பொருளாளரின் ஏட்டில் உள்ளன. ரசீதுகளைப் பார்க்க விரும்புவோர் பார்வையுள்ள ஒருவரை அழைத்து வரலாம், அல்லது ஆப்டகானில் தாங்களே படித்துக்கொள்ளலாம். ஆண்டுச் சந்தா 120 ரூபாய். கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. இரண்டு ஆண்டு பாக்கி உள்ளவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், கூலி வாங்காமல் ஈயம் பற்றவைத்துத் தந்த உச்சிப்புளி மொபைல் கடைத் தம்பிக்கும், தேநீர் கொடுத்த அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்பதானால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். டப்பாக்களின் சாவி, தராசு, வாணலி எல்லாம் கூடவே வரும். ஏற்க ஆளில்லை என்றால் சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேராவது வாருங்கள், போதும். பொருளாளர் வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்; சில்லறை வைத்திருக்கிறார்.