தாமதமாக வந்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இதழில் காசா பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "நிவாரணப் பொருள்கள் மக்களைத் தாமதமாகவே சென்றடைகின்றன" என்று ஓர் இடத்தில் வருகிறது. யார் செய்த தாமதம், எதனால் என்று அடுத்த வரியில் தேடினேன். அங்கே தங்கமாளிகை விளம்பரம் இருந்தது.

"தாமதம்" என்ற அந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை. இருபத்தொன்பது ஆண்டுகள் தீயணைப்பு வண்டி ஓட்டினேன். எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் உங்கள் பத்திரிகையில் "தீயணைப்பு வண்டி தாமதமாக வந்தது" என்று தவறாமல் வந்துவிடும். மதுரை மாசி வீதிகளில் நடுத்தெருவில் மூட்டை இறக்கும் லாரி உங்கள் நிருபர் கண்ணில் பட்டதே இல்லை. (ஒருமுறை வழியை மறித்து நின்றது உங்கள் பத்திரிகைக் கட்டு ஏற்றிவந்த வேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.)

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை. எங்கள் வண்டியும் போனது. உள்ளே மாட்டியவர்களைத் தூக்க ஓடிய பக்கத்து ஊர்க்காரர்கள் பலர், அடுத்தடுத்து வெடித்ததில் மாண்டார்கள். மிச்சச் சரக்கு எப்போது வெடிக்குமோ என்று, வண்டி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு தள்ளி நின்றோம். 2020 தீபாவளியையொட்டிய இரவில் மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடையில் தீ. பழைய கட்டடம் இடிந்து எங்கள் துறைப் பிள்ளைகள் இருவர் போனார்கள். ஒரே ஒரு கட்டடம், ஐயா.

விமானக் குண்டு ஒரு தெருவையே சாய்த்தால் என்ன ஆகும்? சாலை பள்ளமாகிவிடும். பள்ளத்தை மூடப் போகும் புல்டோசருக்கு முன்னால் இடிபாடு. இடிபாட்டுக்குள் வெடிக்காத குண்டு. அதை எடுக்கத் தெரிந்த ஆள் வரும்வரை யாரும் கடப்பாரை வைக்கக்கூடாது. மின்கம்பி அறுந்தால் தண்ணீர் பம்பு நிற்கும். ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் லாரிக்கும் அதே சாலைதான். வழியை முன்கூட்டியே ராணுவத்திடம் சொல்லிவிட்டுப் போனவர்களாவது பிழைத்தார்களா? 2024 ஏப்ரல் 1 அன்று காசாவில் வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் வாகனங்களை இஸ்ரேல் தாக்கி ஏழு பேர் இறந்தார்கள். சோறு கொண்டுபோனவர்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? 2008 கடைசியில் இலங்கைப் போரில் சிக்கிய வன்னி மக்களுக்காகப் பொருள் திரட்டியபோது, என் மனைவி மடிப்புக் கலையாத இரண்டு சேலைகளைக் கொடுத்தாள். 2009 பிப்ரவரியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீதே குண்டு விழுந்தது. தரைவழி இல்லாமல், காயம்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாகக் கப்பலில் ஏற்றிப் போனது. அந்தச் சேலைகள் யார் கைக்குப் போயின என்று இன்றும் கேட்கிறாள். அவளிடமும் "தாமதம்" என்று சொல்லவா?

ஊருக்குள் வெடி ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவோம், நிவாரணத்துக்கு வழிவிடுவோம் என்று 2022 நவம்பர் 18 அன்று டப்ளினில் கூடிய மாநாட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. இந்தியா அதில் இல்லை. தாங்கள் அறியாததா? அந்த வார இதழ்களில் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை கொஞ்சம் மங்கல்தான்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இனி அந்தச் சொல்லைப் போடும்போது, வழியில் என்ன கிடந்தது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். இடமில்லையென்றால் என் முந்தைய மூன்று கடிதங்களைப் போல இதையும் வெட்டிக்கொள்ளுங்கள். வேன் விஷயத்தை மட்டும் விட்டுவைத்தால் நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீயணைப்பு வண்டி ஓட்டுநர்,
செல்லூர், மதுரை.