உஸ் சத்தம் அடங்கவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்லாதே

அன்புள்ள மகளுக்கு,

நீ வாங்கிய பழைய ஏர் கம்ப்ரசரை, அதாவது காற்றை நெருக்கி டேங்கில் சேர்த்துவைக்கும் அந்த இயந்திரத்தை, ஓட்டி அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், படத்தைவிட அதிலிருந்த சத்தம்தான் எனக்குத் தேவைப்பட்டது. மோட்டார் நின்றதும், அழுத்தத்தைப் பார்த்து மோட்டாரை நிறுத்தி ஓட்டும் பிரஷர் ஸ்விட்ச் பக்கமிருந்து உஸ் என்று வருகிறதே, அது இரண்டு மூன்று நொடியில் அடங்கியிருக்க வேண்டும். உன்னுடையதில் வீடியோ முடிகிறவரை வந்துகொண்டே இருக்கிறது. அப்புறம் காற்று குறைந்து மோட்டார் மறுபடி கிளம்பப் பார்க்கிறது, உறுமுகிறது, ட்ரிப் ஆகித் தானாக அணைந்துவிடுகிறது. மோட்டார் போய்விட்டது, புதிதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. இப்போதைக்கு எதுவுமே வாங்காதே.

அதற்கு முன்னால் நீ கேட்காத ஒன்று, டேங்க். பழைய கம்ப்ரசர் கைக்கு வந்தால் எல்லோரும் மோட்டாரையும், பிஸ்டன் காற்றை நெருக்கும் ஹெட்டையும்தான் பார்ப்பார்கள். அவை கெட்டால் வேலை நிற்கும், அவ்வளவுதான். டேங்க் கெட்டால் ஆளையே கொல்லும். கணக்குப் போட்டுப் பார், 8 பார் அழுத்தம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 8 கிலோ எடை வைத்த மாதிரி. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்கின் ஒரு பக்க மூடியை மட்டும் எடுத்துக்கொண்டால் உள்ளிருந்து அதைத் தள்ளுவது ஐந்தரை டன்னுக்கும் மேல். அதைத் தாங்கி நிற்பது சில மில்லிமீட்டர் தகடு, அந்தத் தகட்டையும் உள்ளிருந்து துரு தின்றுகொண்டிருக்கும்.

துரு எங்கிருந்து வருகிறது என்றால் காற்றிலிருந்தேதான். 8 பாருக்கு ஏற்றும்போது வெளியிலிருந்த காற்றை ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறாய், ஆனால் அந்தக் காற்றிலிருந்த ஈரம் அவ்வளவும் கூடவே வந்துவிடுகிறது. ஹெட்டிலிருந்து வரும்போது காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே இருக்கும், டேங்குக்குள் வந்து ஆறியதும் தண்ணீராகி அடியில் தங்கும். அதனால்தான் ஒவ்வொரு முறை வேலை முடித்ததும் அடியிலுள்ள ட்ரெயின் வால்வைத் திறந்து தண்ணீரை இறக்கச் சொல்வது. இதை முன்பு வைத்திருந்தவர் செய்தாரா என்று நமக்குத் தெரியாது. ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜ் கிட்டத்தட்ட சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, வரும்வரை காற்றை இறக்கிவிட்டு, கடைசியில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்றோடு ட்ரெயினைத் திறந்து வருவதை ஒரு வெள்ளைத் துணியில் பிடி. பழுப்பு நிறத் தண்ணீர் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலான டேங்கில் வரும். செதில் செதிலாகத் துருத் தகடு விழுந்தால் யோசிக்க வேண்டும். காற்று முழுக்கப் போனதும் அடிப்பக்கத்தைத் தடவிப் பார், கால் பற்றவைத்திருக்கும் இடங்களையும் வெல்டிங் ஓரங்களையும் டார்ச் அடித்துப் பார். பெயிண்ட் உப்பியிருக்கிறதா, ஊசித் துளை அளவுக்கு ஈரம் கசிந்த தடம் இருக்கிறதா?

ஒரே ஒரு ஊசித் துளை இருந்தாலும் அந்த டேங்க் முடிந்தது. வெல்டு வைத்து அடைக்கலாம், எபாக்சிப் பசை பூசலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே, துளை விழுந்த இடத்தைச் சுற்றியும் தகடு மெலிந்துதான் இருக்கும். அப்படி ஆகிவிட்டால் காற்றை முழுக்க இறக்கிவிட்டு டேங்கில் பெரிய ஓட்டையாகப் போட்டுத்தான் பழைய இரும்புக்குக் கொடுக்க வேண்டும், வேறு யாரும் எடுத்து மறுபடி ஓட்டிவிடக் கூடாது. சந்தேகம் மட்டும் இருக்கிறது, துளை தெரியவில்லை என்றால் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் ஆட்களிடம் காட்டு. காற்றுக்குப் பதில் தண்ணீரில் ஏன் சோதிக்கிறார்கள் தெரியுமா? தண்ணீர் சுருங்காது. டேங்க் பிளந்தாலும் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சி நின்றுவிடும், சுருங்கிய காற்று அப்படி விட்டுவிடாது.

சரி, டேங்க் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது உன் உஸ் சத்தத்துக்கு வருகிறேன்.

ஹெட்டிலிருந்து டேங்குக்கு ஒரு உலோகக் குழாய் போகிறது பார், அது டேங்கில் சேரும் இடத்தில் பித்தளையில் ஒரு கட்டை மாதிரி இருக்கும். அதுதான் செக் வால்வு, நான்-ரிட்டர்ன் வால்வு என்றும் சொல்வார்கள். காற்றை டேங்குக்குள் விடும், திரும்ப விடாது. அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிரிந்து பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும், அதன் முனையில் ஸ்விட்சோடு சேர்ந்து அன்லோடர் வால்வு என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் நிற்கும்போது அது திறந்து, ஹெட்டுக்கும் செக் வால்வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்றை மட்டும் வெளியே விடும். நீ கேட்கவேண்டிய அந்த இரண்டு நொடி உஸ் இதுதான். இப்படி வெளியே விட்டால்தான் அடுத்த முறை மோட்டார் கிளம்பும்போது பிஸ்டன் மேல் பாரம் இருக்காது.

செக் வால்வு சரியாக மூடவில்லை என்றால் என்ன ஆகும்? டேங்கிலிருக்கும் காற்று பின்வாங்கி வந்து அதே அன்லோடர் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். சத்தம் ஸ்விட்சில் கேட்பதால் ஆளாளுக்கு ஸ்விட்சை மாற்றச் சொல்வார்கள், புது ஸ்விட்சிலும் அதே உஸ் வரும். அழுத்தம் குறைந்து மோட்டார் மறுபடி கிளம்பும்போது அன்லோடர் மூடிக்கொள்ளும், ஆனால் டேங்கின் அழுத்தம் முழுக்கப் பின்வழியாக ஹெட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பாரத்தைத் தள்ள முடியாமல் மோட்டார் உறுமும், சூடாகும், ட்ரிப் ஆகும். உன் இரண்டு புகாருக்கும் ஒரே காரணமாக இருக்கலாம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

நினைத்தால் போதாது, சோதித்துவிடு. டேங்கைக் காலி செய்துவிட்டு மோட்டாரைப் போடு. தயக்கமில்லாமல் ஓடுகிறதா? ஓடும்போது அன்லோடர் பக்கம் உஸ் இருக்கிறதா? ஓடும்போது சத்தமில்லை, நின்ற பிறகு மட்டும் வருகிறது, டேங்க் காலியாகும்வரை நிற்கவில்லை என்றால் செக் வால்வுதான், அடித்துச் சொல்வேன். ஓடும்போதும் அங்கேயே கசிந்தால் அன்லோடரின் சீல் போயிருக்கிறது. நிற்கும்போது உஸ்ஸே வரவில்லை, அடுத்த முறை கிளம்பும்போது உறுமுகிறது என்றால் அன்லோடர் திறக்கவில்லை அல்லது அந்த மெல்லிய குழாய் அடைத்திருக்கிறது. காலி டேங்கிலேயே உறுமினால் அது வேறு கதை, கரண்ட் பக்கம் போக வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கழற்றும்போது பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். ஸ்விட்சை ஆஃப் பண்ணினால் போதாது. கேஜ் சுழியில் இருந்தாலும் நம்பாதே, கேஜ் முள் மாட்டிக்கொண்டு பொய் சொல்வதுண்டு, ட்ரெயின் வால்வைத் திறந்தே வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். ஹெட்டிலிருந்து வரும் குழாய் ஓடிய சூட்டில் கையைச் சுட்டுவிடும், ஆறவிடு. முதலில் மெல்லிய குழாயின் நட்டு, அப்புறம் பெரிய குழாயின் நட்டு, பிறகு வால்வைப் பெரிய ஸ்பேனர் போட்டு டேங்கிலிருந்து கழற்று. டேங்கில் பற்றவைத்திருக்கும் அந்த மரைக்கு வலிக்காமல் திருகு, வரவில்லை என்றால் மரை ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவை. அவசரப்பட்டு டேங்க் மரையைக் கெடுத்தால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சின்ன வட்டத் தட்டும் இருக்கும். தட்டு ரப்பராகவோ டெஃப்ளான் மாதிரியான பொருளாகவோ இருக்கலாம். கரிப்பொடியோ துருத் துகளோ நடுவில் சிக்கியிருந்தால் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டாலே போதும், பல நேரம் இவ்வளவில் வேலை முடிந்துவிடும். தட்டு பொரிந்திருந்தால், கல்லாக இறுகியிருந்தால், உட்காரும் வளையத்தின் தடம் அதில் ஆழமாகப் பதிந்திருந்தால் வால்வையே மாற்று. புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போ, மரை மூன்று இடத்திலும் மூன்று அளவில் இருக்கும், வாயால் சொல்லி வாங்க முடியாது. டேங்கில் ஏறும் மரைக்கு மட்டும் டெஃப்ளான் டேப் சுற்று, முனையிலுள்ள முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்று, பிய்ந்த டேப் துண்டு உள்ளே போய் அதே தட்டுக்கடியில் சிக்கிக்கொண்டால் திரும்பவும் முதலிலிருந்துதான். குழாய் நட்டுகளுக்கு டேப் தேவையில்லை, அவை அழுந்திப் பொருந்துகிற வகை.

மாட்டிய பிறகு டேங்கை நிரப்பி, பிளக்கைப் பிடுங்கி, ஹோஸைக் கழற்றிவிட்டு, எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவு. குமிழ் வரும் இடம் கசிகிற இடம். கேஜைக் குறித்துவைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார், கொஞ்சம் இறங்கியிருந்தால் அது சூடான காற்று ஆறியதால் வந்ததாக இருக்கலாம், அதற்கடுத்த ஒரு மணி நேரத்திலும் இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவு. அப்படியே, அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து காற்றை விடும் சேஃப்டி வால்வின் வளையத்தையும் ஒரு முறை இழுத்துப் பார், காற்று சீறி வந்து, விட்டதும் சுத்தமாக மூட வேண்டும். இழுத்தும் வரவில்லை, இல்லை விட்டும் மூடவில்லை என்றால் அதே அழுத்தம் பொறித்த வால்வாகப் பார்த்து மாற்றிவிடு. சேஃப்டி வால்வு கசிகிறது என்று அதைக் கழற்றிவிட்டுத் திருகு மூடி போட்டு அடைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

இன்னொன்று செய்துவை, காலி டேங்கிலிருந்து மோட்டார் தானாக நிற்கும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, மார்க்கரால் டேங்க் மேலேயே எழுதிவை. ஒரு வருஷம் கழித்து அது கூடிக்கொண்டே போனால் ஹெட்டில் ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய், பெல்ட் வைத்த கம்ப்ரசராக இருந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா பார். அதிலும் சரியாகவில்லை என்றால் ஓடும்போது ஃபில்டர் முன்னால் கையை வை, உறிஞ்சவேண்டிய இடத்தில் காற்று வெளியே ஊதினால் உள்ளே இழுக்கும் வால்வு இதழ் உடைந்திருக்கிறது. ஊதவில்லை, ஆனால் ஒரு அளவுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, ஹெட் வழக்கத்தைவிடக் கொதிக்கிறது என்றால் கேஸ்கெட் நடுவில் வெந்துபோய்க் காற்று ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆயில் ஊற்றும் வகையில் மூச்சுத் துளையிலிருந்து வேகமாகக் காற்று வந்தால் பிஸ்டன் ரிங். இதெல்லாம் இப்போது உனக்கு வேண்டாம், தெரிந்துவைத்துக்கொள்.

இப்போது கரண்ட் பக்கம். காலி டேங்கிலும் உறுமினால் முதல் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் ஒயர் மேல். வீடியோவில் பார்த்தேன், மெல்லிய ஒயரைச் சுருட்டுச் சுருட்டாகப் போட்டு நீளமாக இழுத்திருக்கிறாய். கிளம்பும் நேரத்தில் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த ஒயரில் வோல்டேஜ் விழுந்துவிடும். தூரம் வேண்டுமானால் காற்று ஹோஸை நீளமாக்கு, ஒயரை ஆக்காதே. சுவர் பிளக்கில் நேராகப் போட்டும் உறுமினால் அடுத்தது மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டர். உப்பியிருந்தாலும் எண்ணெய் மாதிரிக் கசிந்திருந்தாலும் போய்விட்டது என்று பார்த்ததுமே தெரியும், ஆனால் பார்வைக்கு நன்றாக இருப்பதும் கெட்டிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் அந்த மூடியை நீ திறக்காதே, மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. மாற்றினால் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூட, இது மட்டும் பார்த்துக்கொள். கெபாசிட்டரும் சரியாக இருந்தால் மட்டும் மோட்டாரைப் பற்றிப் பேசலாம்.

ட்ரிப் ஆன பொத்தானை அழுத்தி அழுத்தி ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடு, நல்ல மோட்டாரையும் அது எரித்துவிடும்.

செக் வால்வைக் கழற்றினதும் உள்ளேயிருக்கும் தட்டை இரண்டு பக்கமும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு, டேங்க் மேல் ஒட்டியிருக்கும் தகட்டையும் சேர்த்து. அதிகபட்ச அழுத்தம் என்று என்ன போட்டிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும், ஸ்விட்ச் நிற்கும் அழுத்தம் அதற்குக் கீழே இருக்கிறதா என்று தெரியும்வரை முழுக்க ஏற்றி வேலை செய்யாதே. அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள், காதுக்கு அடைப்பு வைத்துக்கொள்கிறாயா என்று. கண்ணாடி போடுகிறாயா என்று நான் கேட்கிறேன், வீடியோவில் போடவில்லை.

அன்புடன்,
அப்பா